ஒரு சொல், ஒரே ஏற்றம்

இம்மாதக் கேள்வி–பதில் பகுதியில் ஆங்கிலக் கூட்டுச்சொற்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் ˈ என்ற சிறு கோடு வரும் இடத்தில், அதை அடுத்து வரும் அசையில் அழுத்தம் விழுகிறது என்று கொள்ளுங்கள். உச்சரிப்பு அகராதிகளிலும் இதே குறிதான் இருக்கும். கோடு மேலே இருந்தால் முதன்மை அழுத்தம், கீழே இருந்தால் துணை அழுத்தம்.

கேள்வி: கிரீன்ஹவுஸ் என்று சேர்த்து எழுதினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். கிரீன் ஹவுஸ் என்று பிரித்து எழுதினால் பச்சை நிற வீடு. எழுத்தில் இடைவெளி காட்டிக்கொடுக்கிறது. பேச்சில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
— கல்லூரி மாணவி

பதில்: பேச்சில் இடைவெளியே கிடையாது. இரண்டையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள். காது கவனிப்பது குரல் எங்கே திரும்புகிறது என்பதை. ˈகிரீன்ஹவுஸ் என்னும்போது குரல் கிரீனில் எழுந்து, அங்கேயே இறங்கத் தொடங்கிவிடும். ஹவுஸ் தாழ்ந்த நிலையில் தட்டையாகத் தொடரும். கிரீன் ˈஹவுஸ் என்னும்போது கிரீனுக்கும் ஓரளவு வலு உண்டு, ஆனால் குரலின் பெரிய இறக்கம் ஹவுஸில்தான் நடக்கும்.

இரண்டாவது தடயம் நீளம். கூட்டுச்சொல்லுக்குள் இருக்கும் கிரீன், தனிச்சொல்லாக வரும் கிரீனைவிடக் குறுகலானது. ஒலிப்பதிவில் அலைவடிவத்தைப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

அழுத்தம் இல்லை என்பதற்காக இரண்டாம் பகுதியை விழுங்கிவிடாதீர்கள். ஹவுஸில் உள்ள உயிரொலி முழுதாக ஒலிக்க வேண்டும். தாழ வேண்டியது குரல் மட்டும்தான்.

தமிழில் இந்த வேலையைச் சந்தி செய்கிறது. தந்த பலகை என்றால் ஒருவர் கொடுத்த பலகை. தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. ஒரு ப் மிகுவதும் மிகாததும் பொருளை மாற்றிவிடுகின்றன. தமிழில் சொற்கள் சேரும் இடத்தில் இருக்கும் மெய்யைக் கேட்டுப் பழகிய காது, ஆங்கிலத்திலும் அந்த இடத்தையே கவனிக்கிறது. ஆங்கிலமோ செய்தியைச் சொல்லின் தலையில் வைத்திருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு இந்த வேறுபாடு காதில் விழாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இன்னும் சில இணைகள்: ˈபிளாக்பேர்ட் என்பது ஒரு பறவையினம், அதில் பெண் பறவையின் நிறம் பழுப்பு. பிளாக் ˈபேர்ட் என்பது கறுப்பாக உள்ள எந்தப் பறவையும். ˈஇங்கிலீஷ் டீச்சர் ஆங்கிலம் கற்பிப்பவர். இங்கிலீஷ் ˈடீச்சர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆசிரியர், அவர் கணிதமும் கற்பிக்கலாம். ˈடாய் ஃபேக்டரியில் பொம்மை செய்வார்கள். டாய் ˈஃபேக்டரி, தானே ஒரு பொம்மை.

கேள்வி: டூத்பிரஷ் என்ற சொல் மூளையில் ஒரே சொல்லாக இருக்கிறதா? அல்லது பேசும்போது டூத், பிரஷ் என இரண்டையும் எடுத்து ஒட்டுகிறோமா?
— உளவியல் படிக்கும் வாசகர்

பதில்: இந்தத் துறையில் பல ஆண்டுகளாக விவாதிக்கப்படும் கேள்வி இது. முதலில் பின்னணி. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்க ஏறத்தாழ 600 மில்லிவினாடி ஆகிறது. நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் வில்லெம் லெவெல்ட் குழுவினர் இதைப் படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். பீட்டர் இண்டெஃப்ரியும் லெவெல்ட்டும் 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, எதைச் சொல்வது என்ற கருத்து 175 மில்லிவினாடிக்குள் தயாராகிறது. 250-க்குள் சொல் தேர்வாகிறது. 330-க்குள் அதன் ஒலிகள் நினைவிலிருந்து வருகின்றன. 455-க்குள் அவை அசைகளாக அடுக்கப்படுகின்றன. மீதி நேரத்தில் வாய்க்கான இயக்கத் திட்டம் அமைகிறது.

கூட்டுச்சொல் இந்தப் படிகளில் எங்கே ஒன்றாக இருக்கிறது, எங்கே இரண்டாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை அளக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பயன்பாட்டு அடர்த்தி. அடிக்கடி புழங்கும் சொல்லை வேகமாகச் சொல்வோம். அப்படியானால் டூத்பிரஷ் வேகமாக வருவது, டூத் அடிக்கடி புழங்குவதாலா, டூத்பிரஷ் என்ற முழுச்சொல் புழங்குவதாலா? 2005-இல் ஹைடரூன் பீன், லெவெல்ட், ஹரால்ட் பாயென் ஆகியோர் டச்சு மொழியில் சோதித்தபோது, உறுப்புச் சொற்களின் புழக்கம் வேகத்தை மாற்றுவதைக் கண்டார்கள். 2008-இல் நீல்ஸ் யான்சனும் உடன் ஆய்வாளர்களும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் படம் காட்டிப் பெயர் கேட்டபோது, முழுச்சொல்லின் புழக்கமே வேகத்தைத் தீர்மானித்தது. முன்னது, மனப்பாடம் செய்த சொல்லை ஒரு குறிப்பைக் கண்டதும் சொல்லும் சோதனை. பின்னது படத்துக்குப் பெயரிடும் சோதனை. மொழி, சோதனை முறை இரண்டுமே வேறு என்பதால் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடவில்லை.

மற்றொரு வழி, ஒலித் திட்டத்தை நேரடியாக அளப்பது. லிண்டா வீல்டனும் அதிதி லாஹிரியும் 2002-இல் வெளியிட்ட டச்சுச் சோதனையில், பங்கேற்றவர்கள் பதிலை முழுதாகத் தயாரித்து வைத்துக்கொண்டு, சைகை வந்ததும் பேச வேண்டும். இப்படிப் பேசும்போது, தயாரித்து வைத்த ஒலி அலகுகள் எத்தனை அதிகமோ அத்தனை தாமதமாகத்தான் முதல் ஒலி வெளிவரும். பெயரடையும் பெயரும் சேர்ந்த இரு சொல் தொடர் தாமதமானது. கூட்டுச்சொல்லோ, அதே நீளமுள்ள ஒற்றைச் சொல்லைப் போலவே விரைந்து வந்தது. 2014-இல் கேசாண்ட்ரா ஜேக்கப்ஸும் கேரி டெல்லும் ஆங்கிலக் கூட்டுச்சொற்களை வேறொரு முறையில் சோதித்து, ஒலி நிலையில் அவை ஒற்றைச் சொற்களைப் போலவே திட்டமிடப்படுகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஆக, நினைவில் உறுப்புகளின் தடம் இருக்கலாம். ஆனால் வாய்க்குப் போகும் ஒலித் திட்டம் ஒன்றே ஒன்று. அதற்கு ஒரே ஒரு தலையேற்றம், அதாவது ஒரே ஒரு முதன்மை அழுத்தம். இதைத்தான் கற்பவர்கள் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. டூத் ஒரு பாடத்திலும் பிரஷ் இன்னொரு பாடத்திலும் கற்றவர், பேசும்போது இரண்டு திட்டங்களைத் தனித்தனியே போடுகிறார். விளைவு: இரண்டு ஏற்றங்கள், நடுவில் ஒரு சிறு தயக்கம். கேட்பவர் அதைச் சொற்றொடராக எடுத்துக்கொண்டு பொருள் தேடத் தொடங்குகிறார். உச்சரிப்பில் ஒவ்வொரு ஒலியும் சரியாக இருந்தும் புரியாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: முதல் பகுதியில் அழுத்தம் என்று படித்தேன். ஆனால் ஆப்பிள் பை என்பதில் இரண்டாவது பகுதியில் அழுத்தம் வருகிறதே? விதி உண்டா, இல்லையா?
— ஆங்கில ஆசிரியை

பதில்: உண்டு, ஆனால் அது பெரும்பான்மை விதி. மொழியியலாளர்கள் நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் 1968-இல் அதைக் கூட்டுச்சொல் அழுத்த விதி என்று வடிவமைத்தார்கள்: கூட்டுச்சொல்லில் அழுத்தம் இடப்பக்கம், அதாவது முதல் பகுதியில்; தொடரில் வலப்பக்கம், அதாவது கடைசிப் பகுதியில். விதியை மீறும் சொற்களும் கணிசமாக உள்ளன, அவற்றுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முதலில் பாதுகாப்பான பக்கம். ஒரு பயனுக்காக உள்ள பொருள் என்றால் இடப்பக்கம்: ˈடூத்பிரஷ், ˈஸ்விம்மிங் பூல், ˈகார் பார்க். இரண்டாம் பகுதி ஒரு வினையிலிருந்து வந்த ஆள் பெயராக இருந்து, முதல் பகுதி அந்த வினைக்குச் செயப்படுபொருளாக இருந்தாலும் இடப்பக்கம்தான்: ˈபஸ் டிரைவர், ˈவாட்ச்மேக்கர். இந்த இரு வகையிலும் தவறு நேர்வது அரிது.

வலப்பக்கம் போகக்கூடியவை நான்கு வகை. முதல் பகுதி மூலப்பொருளைச் சொன்னால்: ஸ்டோன் ˈவால், காட்டன் ˈஷர்ட். இடத்தைச் சொன்னால்: கிச்சன் ˈசிங்க், சிட்டி ˈஹால். காலத்தைச் சொன்னால்: சம்மர் ˈஹாலிடே, கிறிஸ்துமஸ் ˈஈவ். ஆனால் ˈகிறிஸ்துமஸ் கார்ட், ˈகிறிஸ்துமஸ் ட்ரீ ஆகியவை இடப்பக்கம், ஏனென்றால் அவை கிறிஸ்துமஸுக்காக உள்ள பொருள்கள். ஒருவரே இரண்டுமாக இருக்கும் உம்மைப் பொருளிலும் வலப்பக்கம்: சிங்கர் ˈசாங்ரைட்டர்.

இதற்கும் அடங்காதவை குடும்பமாக நடக்கின்றன. தெருப்பெயர்கள்தான் இதற்கு மிகத் தெளிவான சான்று. ஸ்ட்ரீட் என்று முடிந்தால் எப்போதும் இடப்பக்கம்: ˈஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட், ˈவால் ஸ்ட்ரீட். அவென்யூ, ரோட், ஸ்கொயர், பிரிட்ஜ் என்று முடிந்தால் வலப்பக்கம்: ஃபிஃப்த் ˈஅவென்யூ, டைம்ஸ் ˈஸ்கொயர், லண்டன் ˈபிரிட்ஜ். உணவில் கேக்கும் ஜூஸும் இடப்பக்கக் குடும்பம்: ˈஆப்பிள் கேக், ˈஆரஞ்சு ஜூஸ். பையும் சூப்பும் வலப்பக்கம்: ஆப்பிள் ˈபை, சிக்கன் ˈசூப். பொருள் உறவு ஒன்றாக இருந்தும் ஆப்பிள் கேக்கும் ஆப்பிள் பையும் பிரிந்து நிற்பது ஏன் என்று விதியை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஜெர்மனி மொழியியலாளர் இங்கோ பிளாகும் அவர் குழுவினரும் வானொலிச் செய்திப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து காட்டியது இதையே: பேசுபவர் ஒரு கூட்டுச்சொல்லுக்கு அழுத்தம் தரும்போது, அதே உறுப்பைக் கொண்ட மற்றச் சொற்கள் எப்படி ஒலிக்கின்றனவோ அதன் வழியே போகிறார்.

வகுப்பறைக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி நேரானது. சொற்களை அகரவரிசையில் தராதீர்கள். கடைசி உறுப்பை வைத்துக் கூட்டமாகத் தாருங்கள்: கார்ட் என்று முடிபவை ஒரு நாள், ரூம் என்று முடிபவை ஒரு நாள். ஒரு குடும்பத்தில் ஐந்து சொற்கள் காதில் பதிந்தால் ஆறாவது தானாக வரும். வீக்கெண்ட் போன்ற சில சொற்களில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு: பிரிட்டனில் வீக்ˈகெண்ட், அமெரிக்காவில் ˈவீக்கெண்ட். இரண்டும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கேள்வி: சேர்த்து எழுதினால் கூட்டுச்சொல், பிரித்து எழுதினால் தொடர் என்று முடிவு கட்டலாமா?
— வாசகர்

பதில்: கூடாது. ˈபஸ் ஸ்டாப், ˈபோஸ்ட் ஆஃபீஸ், ˈஹை ஸ்கூல், ˈகிரெடிட் கார்ட் எல்லாம் பிரித்து எழுதப்படும் முழுமையான கூட்டுச்சொற்கள். ஆங்கிலத்தில் இடைவெளியும் இணைகோடும் வழக்கத்தைப் பொறுத்து மாறுபவை. 2007-இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறத்தாழ 16,000 சொற்களில் இருந்த இணைகோட்டை நீக்கியது. சில சேர்த்தெழுதும் சொற்களாயின, சில பிரிந்தன. அதற்காக யாருடைய உச்சரிப்பும் மாறவில்லை.

கேள்வி: நான் ஃபுட்பால், புக்கேஸ், லேப்டாப் என்று சொன்னால் ஒவ்வொரு சொல்லிலும் ஏதோ ஒன்று கூடுதலாக ஒலிக்கிறது என்கிறார்கள். என்ன தவறு?
— தகவல் தொழில்நுட்பத் துறை ஊழியர்

பதில்: கூடுதலாக ஒலிப்பது உகரம். தமிழ்ச் சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. முடிய வேண்டி வந்தால் ஓர் உகரம் தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் தொடர்ந்து வருகிறது. ஃபுட்பால் இரண்டு அசை. ஃபுட்டுபாலு என்றால் நான்கு அசை. அசை கூடியதும் அழுத்தத்தின் தாளமும் கெடுகிறது. கேட்பவர் எதிர்பார்த்த வடிவம் கிடைப்பதில்லை.

திருத்துவதற்கு, நடுவில் வரும் மெய்யை அடைக்க மட்டும் பழக வேண்டும், திறக்கக் கூடாது. லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லேப் என்று சொல்லி உதடுகளை மூடுங்கள். மூடியபடியே நிறுத்துங்கள். உதடு மூடியிருக்கும்போதே நுனிநாக்கை ட் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். நாக்கு அங்கே பொருந்திய பிறகு உதட்டைத் திறந்தால், ப்-க்கு உரிய வெடிப்பு வெளியே வராது. வெடிப்பது ட் மட்டும்தான். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துப் பாருங்கள்: சொல்லின் நடுவில் காற்று ஒருமுறைதான் கையில் பட வேண்டும். இரண்டு முறை பட்டால் உகரம் இன்னும் இருக்கிறது.

புக்கேஸில் க் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு முறை சொல்ல வேண்டாம். ஒரே க், ஆனால் அடைப்பை ஏறத்தாழ இரு மடங்கு நேரம் பிடித்து விடுங்கள். பக்கம், அக்கா என்பதில் வரும் இரட்டைக் க் தமிழருக்கு இயல்பாக வரும் ஒலி. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஹாட் டாக் போன்ற சொற்களிலும் அடைப்பு ஒன்றுதான், திறப்பு ஒன்றுதான்.

மெய்யை அடுத்து ஹ வரும் சொற்களில் வேறொரு சிக்கல். லைட்ஹவுஸ், பாட்ஹோல், அப்ஹில் ஆகியவற்றில் எழுத்தைப் பார்த்து ட்-ஐயும் ஹ-ஐயும் தகரமாகவோ, ப்-ஐயும் ஹ-ஐயும் ஃபகரமாகவோ சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு உறுப்புச் சொற்களைச் சேர்ந்த எழுத்துகள், சேராமல் தனித்தனியே ஒலிக்க வேண்டும்.

கேள்வி: நைட்ரேட் என்ற வேதிப்பொருளும், இரவுக் கட்டணம் என்ற பொருளில் வரும் நைட் ரேட்டும் ஒரே மாதிரிதானே ஒலிக்கும்? கூட்டுச்சொல் ஒரே அலகு என்றால் வேறுபாடு எங்கிருந்து வரும்?
— வேதியியல் மாணவர்

பதில்: நல்ல கேள்வி. தலையேற்றம் ஒன்று என்பதால் உள்ளே உள்ள எல்லை அழிந்துவிடுவதில்லை. நைட்ரேட்டில் ட்-உம் ர-உம் ஒரே அசையின் தொடக்கத்தில் சேர்ந்து நிற்கின்றன. நை, ட்ரேட் என்று பிரியும். அதனால் ட்ர என்பது உரசலோடு, ஏறக்குறைய ச்ர போல ஒலிக்கும். முன்னால் உள்ள ஐகாரமும் தாராளமாக நீளும். நைட் ரேட்டில் ட் முதல் அசையை மூடுகிறது. அது வெடிக்காது, தொண்டையில் ஒரு சிறு அடைப்பாகவும் பலர் வாயில் வரும். அந்த ட் அதே அசைக்குள் நிற்பதால் ஐகாரம் குறுகிப்போகும். கிரேட் ஏப் என்ற குரங்கினமும் கிரே டேப் என்ற சாம்பல் நிற நாடாவும் இதே முறையில் பிரிகின்றன. எல்லை எங்கே என்பதை ஒலிக் குறைவும் நீளக் குறைவும் சொல்கின்றன, இடைவெளி அல்ல.

கேள்வி: பிரேக்ஃபாஸ்ட் என்று சொன்னால் திருத்துகிறார்கள். பிரேக் என்பதும் ஃபாஸ்ட் என்பதும் சேர்ந்த சொல்தானே?
— இல்லத்தரசி

பதில்: சேர்ந்த சொல்தான். ஆனால் சேர்ந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. நீண்ட காலம் ஒரே அலகாகப் புழங்கிய கூட்டுச்சொல்லில் அழுத்தம் இழந்த பகுதி தேய்கிறது, சிலவற்றில் முதல் பகுதியின் நெடிலும் குறுகுகிறது. இப்போதைய உச்சரிப்பு ˈபிரெக்ஃபஸ்ட்: எகரம் குறில், இரண்டாம் பகுதியில் மங்கிய அகரம். இதே வழியில் கப்போர்ட் ˈகபர்ட் ஆயிற்று, ப் போய்விட்டது. ராஸ்ப்பெரி ˈராஸ்பரி. ஷீப், ஹெர்ட் இரண்டும் சேர்ந்த சொல் ˈஷெப்பர்ட். வைன், யார்ட் இரண்டும் சேர்ந்தது ˈவின்யர்ட்.

தேய்மானம் எல்லாச் சொல்லுக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். மேன் என்று முடியும் சொற்கள் இரு பிரிவு. போஸ்ட்மேன், போலீஸ்மேன், ஃபயர்மேன் ஆகியவற்றில் மேன் மங்கி மன் ஆகிவிடும். ஸ்னோமேன், கேவ்மேன், சூப்பர்மேன் ஆகியவற்றில் மேன் முழுதாக நிற்கும். மங்கிய பிரிவில் ஒருமையும் பன்மையும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஒரு தபால்காரரா பலரா என்பதைச் சுற்றியுள்ள சொற்களே சொல்ல வேண்டும்.

ஹேண்ட்பேக் என்பதை இயல்பு வேகத்தில் ஹேம்பேக் என்று கேட்பீர்கள். நடுவில் உள்ள ட் விழுந்து, ன் அடுத்து வரும் பகரத்துக்கு ஏற்ப ம் ஆகிவிட்டது. நீங்கள் இப்படிச் சொல்லியே ஆக வேண்டியதில்லை, ஆனால் காதில் விழும்போது அடையாளம் தெரிய வேண்டும்.

கேள்வி: மூன்று சொற்கள் சேர்ந்தால் அழுத்தம் எங்கே?
— மொழிபெயர்ப்பாளர்

பதில்: முதலில் எந்த இரண்டு சொற்கள் ஜோடி என்று பாருங்கள். கிச்சன் டவல் என்பது ஒரு வகைத் துண்டு. அதற்கான தாங்கி ˈகிச்சன் டவல் ரேக். டவல் ரேக் என்பது ஜோடியாகி, அது சமையலறையில் இருக்கிறது என்றால் கிச்சன் ˈடவல் ரேக். மார்க் லிபர்மனும் ஆலன் பிரின்ஸும் 1977-இல் தந்த விதி இது: வலப்பக்க உறுப்பு தானே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தால் வலு அதற்குப் போகும், தனிச்சொல்லாக இருந்தால் இடப்பக்கத்திலேயே நிற்கும். ˈலைட்ஹவுஸ் கீப்பர் கலங்கரை விளக்கத்தைக் காப்பவர். லைட் ˈஹவுஸ்கீப்பர் ஒல்லியான வீட்டுப் பணியாளர்.

கேள்வி: என் நான்கு வயது மகள், தானாக ஆங்கிலக் கூட்டுச்சொற்களை உருவாக்குகிறாள். எலி தின்னும் பிராணிக்கு ரேட் ஈட்டர் என்றாள். சுண்டெலிகளைத் தின்பதை மைஸ் ஈட்டர் என்றாள். ஒன்று ஒருமை, ஒன்று பன்மை. திருத்த வேண்டுமா?
— தாய்

பதில்: வேண்டாம், அவள் சரியான பாதையில் இருக்கிறாள். 1985-இல் பீட்டர் கார்டன் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் இதையே சோதித்தார். மைஸ் போன்ற ஒழுங்கற்ற பன்மையைக் கூட்டுச்சொல்லுக்குள் வைத்தவர்கள், ரேட்ஸ் போன்ற ஒழுங்கான பன்மையை ஏறக்குறைய வைக்கவே இல்லை. பெரியவர்களின் ஆங்கிலத்திலும் முதல் உறுப்பு பொதுவாக ஒருமைதான்: பல பற்களைத் துலக்கினாலும் டூத்பிரஷ், பல ஷூக்களை விற்றாலும் ஷூ ஷாப். ஸ்போர்ட்ஸ் கார், சேவிங்ஸ் பேங்க், கஸ்டம்ஸ் ஆஃபீஸர் போன்றவை தனியே கற்க வேண்டிய விதிவிலக்குகள்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் தந்தையாருக்குச் சொற்கள் வருவதில்லை. கூட்டுச்சொல் ஒன்றைக் கேட்டால் தவறாக வேறொரு கூட்டுச்சொல்லைச் சொல்கிறார். இதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா?
— மகன்

பதில்: இருக்கிறது. மொழியிழப்பு உள்ளவர்களிடம் இது பலமுறை பதிவாகியுள்ளது, முக்கியமாக ஜெர்மன், இத்தாலிய மொழி பேசுவோரிடம். தேடும் சொல் கூட்டுச்சொல்லாக இருந்தால், அது கிடைக்காதபோதும் அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் இன்னொரு கூட்டுச்சொல் வருகிறது. சில நேரம் ஒரு பாதி சரியாகவும் மறுபாதி தவறாகவும் வரும். ஒலிகள் கிடைக்காவிட்டாலும், இது இரு உறுப்புச் சொல் என்ற அறிவு மிஞ்சியிருக்கிறது என்றே ஆய்வாளர்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். தந்தையார் சொல்லும் தவறான சொற்களைத் தேதியோடு குறித்துவைத்து, பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். எந்தப் பாதி நிற்கிறது என்ற தகவல் அவருக்கு உதவும்.

கேள்வி: வீட்டில் நானே பயிற்சி செய்ய ஒரு முறை சொல்லுங்கள்.
— நேர்காணலுக்குத் தயாராகும் பட்டதாரி

பதில்: நீங்கள் அன்றாடம் சொல்லும் பத்துச் சொற்களை எடுங்கள். பாஸ்வேர்ட், கீபோர்ட், டெட்லைன், ஃபீட்பேக், டேட்டாபேஸ், ஒர்க்‌ஷாப், ஏர்போர்ட், ஃபோன் நம்பர், கிரெடிட் கார்ட், ஜாப் இன்டர்வியூ. பத்தும் இடப்பக்க அழுத்தம்.

முதலில் வாயை மூடிக்கொண்டு, ம் என்ற முனகலில் மேல்–கீழ் என்று இரண்டு சுருதி மட்டும் எழுப்புங்கள். பிறகு முதல் உறுப்பை மட்டும் மேல் சுருதியிலிருந்து இறக்கிச் சொல்லுங்கள். அது நின்ற தாழ்ந்த சுருதியிலேயே இரண்டாம் உறுப்பைச் சேருங்கள். இரண்டாம் உறுப்பில் குரல் மறுபடி எழுந்தால் நிறுத்திவிட்டு முனகலுக்குத் திரும்புங்கள்.

அடுத்து வாக்கியம். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. சொல்லை வாக்கியத்தின் கடைசியில் மட்டும் வைத்துப் பழகினால், குரல் எப்படியும் அங்கே இறங்கும் என்பதால் தவறு தெரியாது. நடுவில் வைத்துப் பழகுங்கள், கேள்வியிலும் வைத்துப் பாருங்கள். ஆம்–இல்லை வகைக் கேள்வியில் குரல் ஏறும். ஏற்றம் பாஸ் என்ற அசையில் தொடங்கி வேர்ட் வரை தொடரும். அப்போது இரண்டாம் பகுதி முதல் பகுதியைவிட உயரமாக ஒலிக்கும். அதுவும் இடப்பக்க அழுத்தம்தான், ஏனென்றால் திருப்பம் தொடங்கியது பாஸில். அழுத்தம் என்றால் உயரம் என்று மனத்தில் பதித்துக்கொண்டவர்கள் இங்கே குழம்பி, வேர்டில் புதிதாக இன்னொரு அழுத்தம் கொடுத்துவிடுவார்கள்.

கைபேசியில் பதிவு செய்து, ஒரு நாள் கழித்துக் கேளுங்கள். சொன்ன உடனே கேட்டால், சொல்ல நினைத்ததுதான் காதில் விழும்.

கேள்வி: லாகின், பேக்கப், செட்டப் ஆகியவை வினையா பெயரா?
— வாசகர்

பதில்: இரண்டும். பெயரானால் ˈலாகின், ˈபேக்கப், ˈசெட்டப். வினையானால் லாக் ˈஇன், பேக் ˈஅப், செட் ˈஅப். எழுத்திலும் பெயரைச் சேர்த்தும் வினையைப் பிரித்தும் எழுதுவது வழக்கம். வினைக்கும் இன், அப் போன்ற துணைச்சொல்லுக்கும் நடுவில் செயப்படுபொருள் நுழைய முடிந்தால் அது வினை, அழுத்தம் பின்னால்.